பார்வையிழந்தோர் வழிநடைக்கு உதவும் அணிகருவிகளும் தமிழ் வழிகாட்டு மொழியும்

முன்னுரை

பார்வையை இழந்த ஒருவர் பிறர் துணையின்றித் தாம் விரும்பும் இடத்துக்குச் சென்று திரும்புதல் அவருடைய வாழ்வுரிமையோடு தொடர்புடையதாகும். கடைக்கும் மருந்தகத்துக்கும் கோயிலுக்கும் சென்றுவருதல் ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் நடையை அடிப்படையாகக் கொண்டவை. இந்நடைக்குத் துணைசெய்யும் பொருட்டு, உடலில் அணிந்துகொள்ளத்தக்க மின்னணுக் கருவிகள் கடந்த சில பத்தாண்டுகளாக உருவாக்கப்பட்டு வருகின்றன. மூக்குக்கண்ணாடி, இடுப்புப்பட்டை, மணிக்கட்டுப் பட்டை, காலணி எனப் பல வடிவங்களில் அமைந்த இவற்றை இக்கட்டுரையில் 'அணிகருவி' என்னும் பொதுப்பெயரால் குறிப்பிடுவோம்.

அணிகருவிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பொறியியல் நோக்கிலேயே அமைகின்றன. கருவி எவ்வளவு தொலைவில் உள்ள தடையை உணர்கிறது, அதன் மின்கலம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பன போன்ற வினாக்களே அவற்றில் முதன்மை பெறுகின்றன. கருவி தான் உணர்ந்ததை மனிதருக்கு எம்மொழியில், எவ்வகைத் தொடரில் அறிவிக்கிறது என்னும் வினாவும் அவற்றுக்கு இணையானது. கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறுநகரங்களிலும் வாழும் தமிழ் முதியோரைப் பொறுத்தவரை இவ்வினா உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்ததாகவே அமைகிறது. செமிலிங் வட்டாரத்தை முன்னிறுத்தி, இக்கருவிகள் செயற்படும் முறையையும், அவை நம் சூழலுக்குப் பொருந்தும் அளவையும், அவற்றுக்குத் தேவைப்படும் தமிழின் இயல்பையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

செமிலிங் வட்டாரமும் பார்வையிழப்பும்

செமிலிங், கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், பீடோங் நகருக்கும் மெர்போக்குக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் ஆகும். பழங்கடாரத்தோடு தொடர்புபடுத்தப்படும் பூஜாங் பள்ளத்தாக்கும் சுங்கை பத்து அகழாய்வுக் களமும் இதற்கு அண்மையில் உள்ளன. 2001-இல் தொடங்கப்பெற்ற ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் பீடோங்–செமிலிங் சாலையில் அமைந்துள்ளது. ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்த இவ்வட்டாரத்தில் பிற்காலத்தில் செம்பனை பெருகியது. தோட்ட லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, சுங்கைப் பட்டாணி, பீடோங் முதலிய நகரங்களின் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன.

இத்தகைய வட்டாரங்களில் பார்வையிழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் ஏதேனும் ஒருவகைப் பார்வைக் குறைபாடு உடையவர்கள். அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக் கூடியது, அல்லது உரிய கவனிப்பை இன்னும் பெறாதது. கண்புரை, கண்ணழுத்த நோய், நீரிழிவால் நேரும் விழித்திரைப் பாதிப்பு ஆகியன பார்வையிழப்பின் காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை.

இவற்றுள் நீரிழிவு நம் சமூகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 2019-ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு, 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்திய இனத்தாரிடையே இவ்விகிதம் 31.4 விழுக்காடாக இருந்தது. இனப்பிரிவுகளுள் இதுவே மிக உயர்ந்த அளவாகும்.

நீரிழிவால் நேரும் பார்வையிழப்பு பெரும்பாலும் நடுவயதிலோ முதுமையிலோ நேர்வது. இதனால் மூன்று விளைவுகள் தோன்றுகின்றன. முதலாவது, பிறவியிலிருந்தே பார்வையற்றவர் இளமையில் பெறும் நடைப்பயிற்சியும் செவிப்பயிற்சியும் இவர்களுக்கு வாய்ப்பதில்லை. இரண்டாவது, நீண்டகால நீரிழிவு நரம்புகளையும் தாக்குகிறது. பாதங்களில் தொடங்கும் உணர்ச்சிக்குறைவு பின்னர் கைவிரல்களுக்கும் பரவக்கூடும். விரல்நுனி உணர்ச்சி மழுங்கியோர்க்குப் பிரெயில் புள்ளிகளைத் தடவிப் படித்தல் எளிதன்று. மூன்றாவது, தோட்டப்புறத்து மூத்த தலைமுறையினர் பலர் தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திக்கொண்டவர்கள்; அவர்கள் தயக்கமின்றிப் புரிந்துகொள்ளும் மொழி தமிழே ஆகும். இம்மூன்றையும் நினைவிற்கொண்டே இனிவரும் செய்திகளை நோக்குவோம்.

வெள்ளைக் கைத்தடியும் அதன் எல்லையும்

நடைக்கு உதவும் கருவிகளுள் இன்றளவும் முதலிடம் பெறுவது வெள்ளைக் கைத்தடியே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் பிக்ஸ், விபத்தொன்றில் பார்வையிழந்தபின் 1921-இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். சாலையில் செல்லும் ஊர்தியோட்டிகள் தம்மைக் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்குப் பயிற்சியளித்த ரிச்சர்டு ஹூவர், 1940-களின் நடுப்பகுதியில் நீண்ட கைத்தடியை இடமும் வலமுமாக வீசி நடக்கும் முறையை வகுத்தார். பிறர்க்கு அடையாளமாக இருந்த கைத்தடி, அவர் முறையால் நடப்பவர் தரையை அறியும் கருவியாகவும் ஆயிற்று.

கைத்தடி தரையின் தன்மையையும் படிகளையும் பள்ளத்தையும் கைக்கு உணர்த்துகிறது. அது தட்டும் ஓசையின் எதிரொலி சுற்றுப்புறத்தைச் செவிக்கு உணர்த்துகிறது. பார்வையற்றோர் தடைகளை முகத்தால் உணர்கின்றனர் என்னும் பழைய கருத்தை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 1944-இல் வெளியிட்ட ஆய்வு மறுத்தது. காதுகளை அடைத்தபொழுது அவ்வாற்றல் மறைந்துபோவதை அவ்வாய்வு காட்டியது. ஆகவே, பார்வையற்றவரின் செவியை மறைக்கும் எந்தக் கருவியும் அவருக்குக் கேடு செய்யும் என்பதை ஓர் அடிப்படை விதியாகக் கொள்ளலாம்.

கைத்தடிக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ ஓர் அடியெடுப்புக்கு முன்னால் உள்ளதையே அது காட்டும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளை, சரக்குந்தின் பின்பலகை, திறந்து கிடக்கும் சன்னல் கதவு ஆகியவற்றை அது தொடுவதில்லை. மார்பிலும் முகத்திலும் நேரும் காயங்கள் இதனால் விளைவன. இக்குறையை நிறைவு செய்யவே அணிகருவிகள் தோன்றின.

அணிகருவிகள் செயற்படும் முறை

இன்றைய அணிகருவிகளை அவற்றின் பணி நோக்கித் தடையை உணர்த்துவன, வழியைக் காட்டுவன, காட்சியை விளக்குவன என மூவகையாகப் பகுக்கலாம்.

தடையை உணர்த்தும் கருவிகளுள் பல மீயொலியைப் பயன்படுத்துகின்றன. மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைக் கருவி வெளியிடுகிறது. எதிர்ப்படும் பொருளில் மோதி அவ்வொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. நம் நாட்டு வெப்பநிலையில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதித் திரும்ப அதற்கு ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே போதும். வௌவால் இருளில் பறக்கும் முறையும் இதுவே. லெஸ்லி கே என்னும் பொறியியலார் 1960-களில் கையில் ஏந்தும் மீயொலிக் கருவியையும், பின்னர் நியூசிலாந்தில் பணியாற்றியபொழுது மூக்குக்கண்ணாடியில் பொருத்திய கருவியையும் உருவாக்கினார்.

இந்தியாவில் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் உருவாக்கிய 'ஸ்மார்ட்கேன்' 2014-இல் வெளியிடப்பட்டது. இதனைச் சென்னையைச் சேர்ந்த பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் தயாரித்தது. கைத்தடியின் பிடியில் பொருத்தப்படும் இக்கருவி மூன்று மீட்டர் வரையுள்ள தடையை உணர்ந்து, தொலைவுக்கேற்ப மாறும் அதிர்வுகளைக் கைக்கு அளிக்கிறது. இஃது உடலில் அணிவது அன்று எனினும், கைத்தடியை விலக்காமல் அதன் மேற்புறக் குறையை மட்டும் நிறைவு செய்யும் நெறியால் சிறப்புப் பெறுகிறது.

வழியைக் காட்டும் கருவிகள் செயற்கைக்கோள் இடமறி முறையையும் திசைமானியையும் சார்ந்தவை. ஐதராபாத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 2014-இல் அறிமுகப்படுத்திய 'லேச்சல்' காலணி, திறன்பேசியோடு இணைந்து, திரும்ப வேண்டிய பக்கத்துப் பாதத்தில் அதிர்வைத் தந்தது. ஜெர்மனியின் ஒஸ்னாபுரூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005-இல் விளக்கிய இடுப்புப்பட்டை, எப்பொழுதும் வடக்குத் திசையில் உள்ள பகுதியில் மட்டும் அதிரும். அதனை அணிந்தவர் எப்பக்கம் திரும்பினும் வடக்கு எது என்பதை அறிந்திருப்பார். பின்னர் இவ்வாய்விலிருந்து பார்வையற்றோர்க்கான வழிகாட்டுப் பட்டை உருவாயிற்று.

காட்சியை விளக்கும் கருவிகள் படக்கருவியைக் கண்ணாடிச் சட்டத்தில் கொண்டவை. இசுரேலிய நிறுவனமொன்றின் 'ஓர்கேம் மைஐ' இவ்வகையில் 2015 முதல் அறியப்பட்டது. டென்மார்க்கில் 2015-இல் தொடங்கப்பெற்ற 'பி மை ஐஸ்' செயலி, பார்வையுள்ள தன்னார்வலரைத் திறன்பேசி வழியே பார்வையற்றவரோடு இணைத்தது. 2023 முதல் செயற்கை நுண்ணறிவு கொண்டும் அது படங்களை விளக்கி வருகிறது. இத்தகைய விளக்கங்கள் பெயர்ப்பலகையைப் படிக்கவும் பொருளை இனங்காணவும் பெரிதும் உதவுவன. ஆயினும் செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகக் கூறுவதும் உண்டு. இவற்றை உருவாக்கியோரே, சாலையைக் கடப்பதற்கு இவற்றை நம்பலாகாது எனவும் இவை கைத்தடிக்கு மாற்று ஆகா எனவும் எச்சரிக்கின்றனர்.

நம் சாலைகளும் கருவிகளின் எல்லையும்

மேற்கூறிய கருவிகள் பெரும்பாலும் சீரான நடைபாதை உள்ள நகரங்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. தோட்டப்புறங்களையும் சிறுநகரங்களையும் சார்ந்த சாலைகளில் நடைபாதை தொடர்ச்சியாக அமைவது அரிது. சாலையோரத்தில் மூடியற்ற கால்வாய் ஓடும். அதன்மேல் வீட்டுக்கு வீடு ஒரு பாலம் இருக்கும். நடைபாதை உள்ள இடத்திலும் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கும்.

இச்சூழலில் முதன்மையான இடர் பள்ளமே ஆகும். மீயொலிக் கருவி எதிரேயுள்ள பொருளிலிருந்து திரும்பும் ஒலியை நம்பியது. பள்ளத்தில் எதிரே பொருள் இல்லை. ஆகவே கிடைமட்டமாக நோக்கும் உணரி, திறந்த கால்வாயைத் தடையற்ற வெளியாகவே கொள்ளும். தரையை நோக்கிச் சாய்த்துப் பொருத்திய உணரியோ, ஆழத்தை அளக்கும் படக்கருவியோ இருந்தாலன்றிப் பள்ளம் புலப்படாது. கைத்தடியோ முனை கீழிறங்கியவுடனேயே பள்ளத்தைக் காட்டிவிடுகிறது. மெல்லிய கம்பி, சாய்ந்த வழுவழுப்பான பரப்பு, ஒலியை உறிஞ்சும் புதர் ஆகியனவும் மீயொலிக்கு எளிதில் அகப்படுவதில்லை.

செயற்கைக்கோள் வழி இடமறிதலிலும் எல்லை உண்டு. திறந்த வானத்தின் கீழ்த் திறன்பேசி காட்டும் இடம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை பிழைபடலாம். அடர்ந்த மரநிழலிலும் கட்டடங்களின் இடையிலும் பிழை மிகும். ஐந்து மீட்டர் என்பது பல சிற்றூர்ச் சாலைகளின் அகலத்துக்கு நிகரானது. ஆகவே, எந்தச் சந்திப்பை நெருங்குகிறோம் என்பதை இக்கருவி கூறும். சாலையின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்பதை உறுதியாகக் கூறாது. பெருமழையின் இரைச்சலில் ஒலியறிவிப்பு கேளாது என்பதையும், இணையத் தொடர்பு நலிந்த இடங்களில் தொலைவிலுள்ள கணினியை நம்பிய விளக்கம் தாமதப்படும் என்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வும் குரலும்

கருவி அறிந்ததை மனிதர் அறிவதற்கு அதிர்வு, ஓசைக் குறிப்பு, பேச்சு என மூன்று வழிகள் உள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யோகான் போரென்ஸ்டைன் என்பார் 1989 முதல் உருவாக்கிய 'நாவ்பெல்ட்' இவ்வகையில் நமக்கு ஒரு படிப்பினை தருகிறது. மீயொலி உணரிகள் பொருத்திய அவ்விடுப்புப்பட்டை, தடைகளைச் செவிப்பொறியின் வழியே ஓசைக் குறிப்புகளாக அறிவித்தது. உணரிகள் தம் பணியைச் செய்தன. ஆனால் அவ்வோசைகளை விரைந்து பொருள்கொள்ள இயலாமையால் அணிந்தவர் வேகமாக நடக்க முடியவில்லை. கருவியின் அறிவு மனிதரின் அறிவாக மாறும் இடத்திலேயே தடை நேர்ந்தது.

அதிர்வு விரைவானது, செவியையும் மறைப்பதில்லை. தடை எச்சரிக்கைக்கு அதுவே முதல் வழியாகத் தக்கது. எனினும் நீரிழிவால் பார்வையிழந்தோர்க்கு அஃது எவ்வளவு பயன்படும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நரம்புப் பாதிப்பைக் கண்டறிய மருத்துவர் 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்துச் சோதிப்பர். அதிர்வுணர்ச்சி முதலில் குன்றும் இடம் பாதமே என்பதே இதற்குக் காரணம். பாதத்தில் அதிரும் காலணி இவர்களுள் பலர்க்கு ஊமைக் கருவியாகிவிடும். அதிர்வை மேற்கையிலோ மார்பிலோ அமைப்பது ஒரு தீர்வு. இருப்பினும் அதிர்வால் 'கவனம்' என்னும் ஒற்றைப் பொருளையே எளிதில் உணர்த்த இயலும். எதிர்ப்படுவது பள்ளமா, வண்டியா, தாழ்ந்த கிளையா என்பதைக் குரலே கூற வல்லது.

ஆகவே முதுமையில் பார்வையிழந்த தமிழருக்குக் குரல்வழி அறிவிப்பு இன்றியமையாதது ஆகிறது. அக்குரல் காதை அடைக்காத எலும்புவழி ஒலிக்கருவியின் மூலம் வருதல் நன்று. அது பேசும் தமிழ் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இனி நாம் காணவேண்டியது.

வழிகாட்டும் தமிழ்

இரட்டைப் புலவருள் பார்வையற்றவர் கால் இயலாதவரைத் தோளில் சுமந்து சென்றார் என்றும், தோளில் இருந்தவர் வழி கூறினார் என்றும் மரபுச் செய்தி வழங்குகிறது. தோளில் இருந்து வழி சொல்லும் குரலுக்குத் தேவையான இலக்கணத்தை நாம் இதுவரை தனியே வகுத்ததில்லை. இன்றைய அணிகருவிக்குத் தேவைப்படுவதும் அவ்விலக்கணமே. அதன் கூறுகள் சிலவற்றை இங்குக் காண்போம்.

முதலாவது, சொல் வரிசை. தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்பது இயல்பு. பள்ளத்தை உணரவல்ல ஒரு கருவி, மூன்று மீட்டர் முன்னதாகவே அதனைக் கண்டு, 'உங்களுக்கு முன்னால் மூன்று மீட்டர் தொலைவில் ஒரு திறந்த கால்வாய் இருக்கின்றது, நில்லுங்கள்' என அறிவிப்பதாகக் கொள்வோம். இத்தொடரில் 28 ஒலியசைகள் உள்ளன. குரல் நொடிக்கு ஆறு ஒலியசைகளை ஒலிக்குமாயின் இதனைக் கூறி முடிக்க ஏறத்தாழ நாலே முக்கால் நொடி ஆகும். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் இரண்டரை நொடியில் கால்வாயின் விளிம்பை அடைந்துவிடுவார். அவர் விழும்பொழுது 'கால்வாய்' என்னும் சொல்லே இன்னும் ஒலிக்கப்பட்டிராது. 'பள்ளம்!' என்னும் ஒற்றைச் சொல்லோ இரண்டே ஒலியசைகளில் முடிகிறது. அதற்குள் அவர் அரை மீட்டருக்கும் குறைவாகவே நடந்திருப்பார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவிப்புகளை முழுத் தொடர்களாக மொழிபெயர்த்துக் கருவியில் ஏற்றுவதன் ஆபத்து இதனால் விளங்கும்.

இரண்டாவது, மரியாதை. எழுபது வயது முதியவரை நோக்கி ஒரு கருவி 'நில்' என்று ஏவுவது நம் வழக்குக்கு ஒவ்வாது. 'நில்லுங்கள்' என்பது நீள்கிறது. 'நிற்கவும்' என்பது அறிவிப்புப் பலகையின் மொழியாக ஒலிக்கிறது. நம் மக்கள் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்பொழுது 'பள்ளம்', 'படி', 'வண்டி', 'கிளை' எனப் பெயர்ச்சொல்லை மட்டுமே கூறி எச்சரிப்பதைக் காண்கிறோம். பெயர்ச்சொல்லுக்கு ஏவல் இல்லை. ஆகவே அதில் மரியாதைக் குறைவும் இல்லை. உடனடி எச்சரிக்கைக்குப் பெயர்ச்சொல், ஓய்வாகக் கேட்கும் வழி விளக்கத்திற்கு மரியாதைப் பன்மை என இரு நிலைகளாகப் பிரித்துக்கொள்வது பொருத்தமாகும்.

மூன்றாவது, பொருள் மயக்கம். அன்றாடப் பேச்சில் இடர் விளைவிக்காத பல சொற்கள் வழிகாட்டலில் இடர் விளைவிக்கும். 'அடி' என்பது நீட்டலளவையையும் குறிக்கும், காலடியையும் குறிக்கும். மூன்று அடி என்றால் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மூன்று காலடி என்றால் ஏறத்தாழ இரண்டு மீட்டர். 'எட்டு' என்பது எண்ணாகவும் அடியெடுப்பாகவும் வரும். 'திரும்புங்கள்' என்பது ஒரு பக்கம் வளைவதையும் வந்த வழியே மீள்வதையும் குறிக்கும். 'மேலே செல்லுங்கள்' என்பது தொடர்ந்து செல்வதா படியேறுவதா என்னும் ஐயத்தை எழுப்பும். 'கால்வாயைத் தாண்டி' என்பதைக் கேட்டவர் அதனைக் கடந்து அப்பால் எனக் கொள்ளலாம். தாவுதல் எனவும் கொள்ளலாம். 'இடம்' என்னும் சொல் தலத்தையும் இடப்பக்கத்தையும் உணர்த்தும். 'இடது', 'வலது' ஆகிய இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால், சாலை இரைச்சலில் முதற்பகுதி கேளாதபொழுது வேறுபாடு மறைகிறது. இதற்குத் துணையாக இடப்பக்கக் குறிப்பை இடச்செவியிலும் வலப்பக்கக் குறிப்பை வலச்செவியிலும் ஒலிக்கச் செய்யலாம்.

நான்காவது, திசைவழக்கு. மொழியியல் ஆய்வாளர் எரிக் பெடர்சன் 1990-களில் தமிழகத்தில் மேற்கொண்ட ஆய்வுகள், நகரத்துத் தமிழர் இடம், வலம் என்னும் சொற்களையும், சிற்றூர்த் தமிழர் வடக்கு, தெற்கு என்னும் திசைச் சொற்களையும் மிகுதியாக ஆளும் போக்கினைக் காட்டின. தோட்டத்து முதியவர் ஒருவர் 'கோயிலுக்கு மேற்கே' என்பதை எளிதில் மனத்தில் வரைந்துகொள்வாரா, 'வலப்பக்கம்' என்பதை எளிதில் கொள்வாரா என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும். வடக்கை உணர்த்தும் இடுப்புப்பட்டை, திசைச் சொல்லுக்குப் பழகியவர்க்கு மிகவும் பொருந்திவரக்கூடும்.

ஐந்தாவது, ஊர்ப்பெயர். மலாய்ப் பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதிக் கணினிக் குரலால் படிக்கச் செய்தால் ஒலி திரியும். பீடோங் என்பதன் முதலெழுத்தையும் குருண் என்பதன் முதலெழுத்தையும் தமிழ் மரபின்படி வல்லொலியாகப் படித்துவிட்டால் அவ்வூரார்க்கே ஊர் புலப்படாது. செமிலிங் என்பதைச் செமெலிங், செமலிங் எனப் பலவாறு எழுதுவதால், ஒரு வடிவில் தேடுவோர்க்கு மற்றொரு வடிவில் பதிந்துள்ள இடம் கிடைப்பதில்லை. மேலும் தோட்டப்புறத்தார் தெருப்பெயரைக் கொண்டு வழி கூறுவது குறைவு. பழைய லயம், பால் கொட்டகை, மாரியம்மன் கோயில், பள்ளித் திடல் ஆகியனவே அவர்தம் அடையாளங்கள். வரைபடத்தில் இல்லாத அடையாளத்தைக் கருவி கூற இயலாது.

செய்யத்தக்க பணிகள்

தமிழில் பேசும் கணினிக் குரல் இன்று புதியது அன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் எழுத்தைப் பேச்சாக்கும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடைபெற்றுள்ளன. கூகுள் வரைபடம் 2018 முதல் தமிழிலும் வழி கூறுகிறது. அது பெரிதும் ஊர்தியோட்டிக்கான தமிழ். நடப்பவர்க்கான தமிழ் இனிமேல்தான் உருவாக்கப்பட வேண்டும். தமிழ்க் கணிமைத் துறையில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை வழங்கிய மலேசியாவுக்கு இப்பணி இயலாதது அன்று.

முதற்பணி, வழிகாட்டுச் சொற்பட்டியல் ஒன்றை வகுத்தல். ஏறத்தாழ நூறு சொற்களுக்குள் அடங்கும் இப்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் இருத்தல் வேண்டும். இலக்கியச் சொல்லைவிட வட்டார வழக்கில் விரைந்து புரியும் சொல்லுக்கு முதலிடம் தருதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழாய்வாளர் இதனை வரைந்து, பார்வையற்றோரையே நடுவராகக் கொண்டு சோதித்தறிய வேண்டும்.

இரண்டாவது, வரைபடத்தில் தமிழ்ப் பெயர்களைப் பதிதல். 2004-இல் தொடங்கப்பெற்ற 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் திறந்த வரைபடத்தில் எவரும் ஓரிடத்தின் தமிழ்ப் பெயரைப் பதியலாம். சாலைக் கடப்பிடம், தொட்டுணர் நடைபாதை ஆகியவற்றையும் குறிக்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'சவுண்ட்ஸ்கேப்' என்னும் ஒலிவழி காட்டி இவ்வரைபடத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அச்சேவை 2023-இல் நிறுத்தப்பட்டபொழுதும், திறந்த வரைபடத்தில் பதியப்பட்ட செய்திகள் அழியாமல் பிற செயலிகளுக்குப் பயன்பட்டன. கருவிகள் வரும், மறையும். பொதுவில் பதிந்த ஊரறிவு நிலைக்கும். தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு ஊர் அடையாளங்களைத் திரட்டிப் பதிவது நல்லதொரு மொழிப்பயிற்சியாகவும் அமையும்.

மூன்றாவது, வட்டார ஒத்துழைப்பு. மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கிலேயே உள்ளது. சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலீம் ஆசிரியர் பயிற்சிக் கழகம் உள்ளது. 1951-இல் நிறுவப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் நடைப்பயிற்சித் துறையில் நெடிய பட்டறிவு உடையது. இவை கூடிச் செயற்படுமாயின், ஒரு சிறு வட்டாரத்தில் கருவியையும் மொழியையும் ஒருசேரச் சோதித்துப் பார்க்க இயலும்.

நான்காவது, சாலையைச் சீரமைக்கக் கோருதல். மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், பொது வசதிகளையும் தகவல் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்தும் உரிமையைப் பேசுகிறது. சப்பானியர் செய்ச்சி மியாக்கே உருவாக்கி, 1967-இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட தொட்டுணர் கற்களுக்கு மின்கலமோ இணையமோ தேவையில்லை. கால்வாய்க்கு இடும் ஒரு மூடி, அதனை உணர்த்தும் எந்தக் கருவியைவிடவும் உறுதியான பாதுகாப்பு. அணிகருவியைக் காரணம் காட்டி இக்கடமையிலிருந்து எவரும் விலகுதல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அணிகருவி கைத்தடிக்குத் துணையாக நிற்பதே அன்றி அதன் இடத்தைப் பெறுவது அன்று என்பதும், அதன் பயன் உணரியின் ஆற்றலோடு அறிவிப்பின் தெளிவையும் சார்ந்தது என்பதும் புலனாகும். நீரிழிவால் முதுமையில் பார்வையிழக்கும் நம்மவர்க்கு விரல்வழியும் பாதவழியும் குறுகும்பொழுது, செவிவழி வரும் தமிழே துணையாகிறது. அத்தமிழ் சுருக்கமும் ஐயமின்மையும் மரியாதையும் உடையதாக அமைய வேண்டும். பொறியியலார் தாமே இதனை வகுத்துவிட இயலாது. சொல்லின் பொருளையும் வழக்கையும் அறிந்த தமிழாசிரியர்களின் பங்கு இதில் தேவைப்படுகிறது. நூறு சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலும், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தமிழ் அடையாள வரைபடமும் நம் மாணவர்களைக் கொண்டே ஓராண்டுக்குள் தொடங்கத்தக்கவை. இப்பணியைச் செமிலிங் போன்ற ஒரு சிற்றூரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும் என்பது நம் கருத்தாகும்.